வாசலைப் பார்த்த ஷூக்கள்

என் கணவர் ஜீத்துக்கு ஜப்பான்காரர் ஆகிவிட வேண்டும் என்று ஆசை. சாதாரண ஆசை இல்லை, வெறி. போனில் மேனேஜரோடு பேசும்போதுகூடச் சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து வணக்கம் வைப்பார். அதே பழக்கத்தில் நேபாளத்தில், லம்ஜுங்கில் இருக்கிற என் மாமியாரோடு வீடியோவில் பேசும்போதும் குனிய, "என்னடா எப்பப் பாத்தாலும் உச்சந்தலையவே காட்டுற" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

நகோயாவில் ஒற்றை அறையில் மகளோடு மூன்று பேரும் வருடக்கணக்கில் இடித்துக்கொண்டு கிடந்த பிறகுதான் நகானோ மலைப்பக்கம் இந்த வீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் பிள்ளைகளே இல்லை. பிள்ளையோடு வருகிற குடும்பத்துக்குக் காலி வீட்டைச் சொற்ப வாடகைக்குத் தருகிறார்கள், அது நேபாளக் குடும்பமாக இருந்தாலும் சரி. எங்களுக்கு வந்தது மிசாவா குடும்பத்தின் வீடு. ஃபுமி என்கிற அம்மாள் கடைசிவரை அதில் தனியாக இருந்து இறந்துபோனாராம். டோக்கியோவில் இருக்கிற மகன் வந்து பூஜை அலமாரியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மெத்தை, பீங்கான் கிண்ணங்கள், ஷூ அலமாரிக்குள் கிடந்த பழைய வைக்கோல் செருப்பு எல்லாம் அப்படியே இருந்தன.

ஜீத்துக்கு டவுனில் லென்ஸ் ஃபேக்டரியில் வேலை. எனக்குக் காளான் பண்ணையில் பேக்கிங். நாங்கள் இருவரும் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அஸ்மி எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்து, பூட்டாத வீட்டைத் தானே திறந்துகொண்டு தனியாக இருப்பாள். அது எனக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. இந்த ஊரில் பிள்ளைகள் இப்படித்தான் வளர்கிறார்கள் என்று ஜீத் சமாதானம் சொல்வார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சமாதானம்தான்.

ஆகஸ்டில் ஓபோன் வந்தது. செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள். வழி தெரிவதற்காக வீட்டுக்கு வீடு வாசலில் சணல் தண்டைக் கொளுத்துவார்கள். ஜீத் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டார்.

"நம்ம செத்தவங்க எல்லாம் லம்ஜுங்ல இருக்காங்க. இங்க வர்றதுக்கு அவங்களுக்கு விசா யாரு குடுப்பா?" என்றேன்.

"ஊரோட ஒத்துப் போகணும் மாயா. எல்லா வாசல்லயும் தீ எரியுது, நம்ம வாசல் மட்டும் இருட்டா கிடந்தா நல்லாவா இருக்கு?"

கொளுத்தினார். அஸ்மி கை தட்டினாள். மறுநாளே, லீவு வீணாகிறதே என்று நகோயாவில் என் தங்கை வீட்டுக்குப் போய், விழா எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஷூ விஷயம் என் கண்ணில் பட்டது. நான் வேலையிலிருந்து வந்தால் ஷூவை உதறிவிட்டு நேராக அடுப்படிக்குப் போகிற ஆள். காலையில் பார்த்தால் என் ஷூக்கள் இரண்டும் ஒட்டி நின்று, நுனி வாசலைப் பார்க்கத் திரும்பியிருக்கும். பக்கத்தில் ஜீத்துடையதும் அதே மாதிரி. ஜப்பான்கார வெறி முற்றிப்போய் என் ஷூவையும் இவர் அடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. அவரோ நான்தான் ஒருவழியாகத் திருந்திவிட்டேன் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சனாயே வந்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், கீழ் வீட்டுக்காரி, என் வயசுதான். வாயைத் திறந்தால் ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரு பூசணிக்காயை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஜீத் ஓவர்டைம் போயிருந்தார். அஸ்மி எங்களோடு மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் மூன்று பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது வாசல்படியில் சனாயே நின்றுவிட்டாள். அவள் கழற்றிப் போட்ட சேற்று பூட்ஸ் இரண்டும் வாசலைப் பார்த்து ஒழுங்காக நின்றன.

"எப்பப் போய்த் திருப்பி வச்ச? நான் பாக்கவே இல்லையே."

நான் வைக்கவில்லை என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள். பக்கத்தில் இருந்த என் ஷூவையும், ஜீத்தின் தோட்டத்துச் செருப்பையும் பார்த்து இன்னும் சிரித்தாள்.

"இது என்ன கூத்து, உன்னோடதையுமா? எங்க வீட்ல வந்து பாரு, ஆளுக்கொரு திசையில கிடக்கும். விருந்தாளி ஷூவத்தான் வீட்டுக்காரி குனிஞ்சு திருப்பி வைப்பா, போகும்போது அவங்க சிரமப்படக் கூடாதுன்னு. இந்த வீட்ல ஃபுமி அத்தை அப்படித்தான். சின்னப் பிள்ளைல நான் எதாவது குடுக்க வந்தாக்கூட, டீ ஆறுறதுக்குள்ள என் ஷூ..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். அஸ்மியின் சிவப்பு ஷூக்கள் அவள் உதறிய இடத்திலேயே, ஒன்று கவிழ்ந்து, ஒன்று மூலையில் கிடந்தன. அவற்றை மட்டும் யாரும் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால், அத்தனை நாளும் யாருமே தொட்டதில்லை.

"ஓபோன் கடைசி நாள் தீ வச்சீங்கல்ல?" சனாயேயின் குரல் இறங்கிவிட்டது.

"எந்தத் தீ?"

"கூப்பிடறதுக்கு ஒண்ணு, அனுப்பறதுக்கு ஒண்ணு. வரச் சொன்னவங்கதான வழியனுப்பணும்."

பூட்ஸை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போய்விட்டாள்.

ஜீத்திடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு போய் ஷூக்களைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், "மரியாதையாத்தான நடத்துறாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூசணிக்காயை அவர் தலையில் போட்டிருப்பேன். அந்த ஃபுமி நம்மைத்தான் விருந்தாளியாக நடத்துகிறாள், நம் பெண்ணைத் தன் வீட்டுப் பிள்ளையாக நடத்துகிறாள், அது உங்கள் மண்டையில் ஏறுகிறதா என்று கேட்டேன்.

அந்த வாரமே பண்ணையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு சீக்கிரம் வந்தேன். அஸ்மியின் பஸ் இன்னும் வரவில்லை. ஷூவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்பக்கம் துணி மடிக்கிற அறையில் சத்தம் போடாமல் உட்கார்ந்தேன். கதவு இழுபடும் சத்தம் கேட்டது. இங்கே வீட்டுக்குள் நுழைகிற எல்லோரும் சொல்வதுபோல் அஸ்மி, "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள்.

"வந்துட்டியா, வா."

பதில் நடு அறையிலிருந்து வந்தது. மெதுவான குரல். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிற ஒரு பெண்ணின் குரல். பயமுறுத்துகிற மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அஸ்மி பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தார்கள், யாருக்குப் பல் விழுந்தது, மதியச் சாப்பாட்டில் எதை ஒளித்து வைத்தாள். என்னிடம் அவள் ஒருநாளும் சொல்லாத கதைகள். "இன்னைக்கு என்ன நடந்தது" என்று நான் கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். இங்கே நடுநடுவே நிறுத்துகிறாள், யாரோ 'ம்' கொட்டுவதற்கு இடம் விடுவதுபோல. அந்த நேரத்தில் பயத்தைவிடப் பொறாமைதான் எனக்கு அதிகமாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அஸ்மி மட்டும் இருந்தாள். நாங்கள் வாங்காத, முயல் படம் போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார ஒரு சின்ன மெத்தை போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க. சீக்கிரம் வந்துட்டீங்களே. உக்காருங்க, டீ கொண்டு வரட்டுமா?"

பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று அதட்டுகிறவள். என் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, யாரோ வழிதெரியாமல் வந்தவளிடம் பேசுவதுபோல் பேசினாள். அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் மரியாதைக்காகச் சற்று நேரம் பொறுத்துக்கொண்டாள்.

சனாயே வீட்டுக்கு ஓடினேன். அவள் பயந்தாலும் உபாயம் சொன்னாள். "இப்ப வச்சா என்ன? செத்தவங்க காலண்டரா பாக்குறாங்க? எங்க வீட்ல மிச்சத் தண்டு இருக்கு, எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு மாயா. அனுப்புறது வீட்டுக்காரங்க பண்ற வேலை. விருந்தாளி அனுப்ப முடியாது. அவ பாத்துட்டு, சரி நீங்க போயிட்டு வாங்கன்னு உங்களத்தான் அனுப்புவா."

மறுநாள் ஜீத் லீவு போட்டார். அக்டோபரில் வாசலில் தீ வைத்தால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார். பொழுது சாயும் நேரம், மெல்லிய தூறல். தண்டு பற்றவே இல்லை. பற்றியபோதும் புகை தெருவுக்குப் போகாமல் தரையோடு தவழ்ந்து வீட்டுக்குள்ளேயே வந்தது.

வீட்டுக்காரி யார் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் புரிந்தது. ஷூ அலமாரியைத் திறந்தேன். அந்தப் பழைய வைக்கோல் செருப்பை எடுத்து, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்தேன். படிக்குக் கீழே இரண்டையும் சேர்த்து, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். பிறகு படிமேல் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தேன். ஜீத் இத்தனை வருடமாகக் குனிந்ததெல்லாம் ஒரு குனிவா?

"வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். எங்க வீட்ல உங்களுக்கு ஒரு குறையும் இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன். பாத்துப் போங்க" என்றேன். மறுபடியும் வாங்க என்பதுதான் இங்கே முறை. அது நுனி நாக்குவரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டேன்.

பின்னால் காலடிச் சத்தம். அஸ்மி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து, கவிழ்ந்து கிடந்த தன் ஷூவுக்குள் காலை நுழைத்தாள்.

"நானும் போகணும்."

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் இருக்க முடியாது. அவளுடைய ஒரு கை மட்டும் முன்னால் நீண்டு, யாரோ பற்றியிருப்பதுபோல் விறைத்து நின்றது.

"இவ என் பொண்ணு," என்றேன் அந்த வெறும் செருப்பைப் பார்த்து. "இது என் வீடு. நீங்க விருந்தாளி. விருந்தாளி கிளம்பும்போது வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

 அஸ்மியின் இடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கை தொப்பென்று விழுந்தது. உள்ளே நின்ற புகை மொத்தமும் என்னைத் தாண்டி, ஜீத்தைத் தாண்டி, தெருவுக்கு இறங்கியது. அஸ்மி வாய்விட்டு அழவில்லை. புகை போன திசையைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தாள்.

காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் ஷூக்கள் கழற்றிப் போட்ட இடத்திலேயே தாறுமாறாகக் கிடந்தன. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வைக்கோல் செருப்பைக் காணவில்லை. கல்லறைக்குத் திரும்புகிற வளைவில், இரண்டும் சேர்ந்து ஒழுங்காக இருந்ததாகச் சனாயே பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பண்ணையில் சண்டை போட்டு என் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டேன். அன்று மாலை பஸ் சத்தம் கேட்டதும் ஓடி வந்து நடு அறையில் உட்கார்ந்தேன். கதவு இழுபட்டது.

"வந்துட்டேன்."

"வந்துட்டியா, வா" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

அஸ்மி படிக்குக் கீழேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி அறையின் மூலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வேறு குரல் வரவில்லை என்பது உறுதியானதும், உட்கார்ந்து சிவப்பு ஷூக்களைக் கழற்றினாள். உதறவில்லை. குனிந்து, இரண்டையும் சேர்த்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிறர் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சொல்வதைச் சொன்னாள்.

"தொந்தரவு குடுக்குறேன். மன்னிச்சுக்குங்க."

அவள் உள்ளே போனதும் நான் இறங்கி அந்த ஷூக்களை எடுத்து, நுனி வீட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். மறுநாளும் அவள் வாசல் பக்கம் வைத்தாள், நான் உள்பக்கம் திருப்பினேன். இப்போது ஊரில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கும் திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.