வசவுக்கு ஈடாக ஒரு படகு

ஆஸ்திரேலியாக்காரர்கள் கொடுத்த படகுக்குள் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. காலையில் மருந்தகத்தைத் திறக்க வந்த நர்ஸ் எவர்லின் அதை விரட்டலாமா என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். அந்தப் படகால் இதுவரை பலன் கண்ட ஒரே ஜீவன் அந்தக் கோழிதான். ஈரப்பலா மரத்தடியில் வெள்ளை வெளேரென்று படகு கிடந்தது, பக்கவாட்டில் தீட்டிய கொடியும் அன்பளிப்பு வாசகமுமாக. மைதானத்தின் மறுகோடியில், தேவாலயக் கிடங்குக்குள், சீனர்கள் கொடுத்த மோட்டார் உறை பிரிக்காமல் நின்றது. அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஊரில் இருந்தும் சம்பந்திகள் சண்டையில் கல்யாணம் நின்றுபோன மாதிரி இருந்தது நிலைமை.

அந்த மோட்டாரை இந்தப் படகில் மாட்டக்கூடாது என்பது ஆஸ்திரேலியாக்காரர்களின் விதி. பாதுகாப்புக் காரணமாம். அந்தக் கொடிக்குப் பின்னால் தங்கள் மோட்டார் ஓடக்கூடாது என்பது சீனர்களின் விதி. அவர்கள் காரணமே சொல்லவில்லை. ஊரில் பணமாகவே செல்லும் சிப்பிக்காசுச் சரங்களைச் சந்தையில் விற்கும் ஜெமிமா இதை வெற்றிலைச் சாறோடு சேர்த்துத் துப்புவாள். "ஒருத்தன் உனக்கு என்ன வேணும் என்ன வேணும்னு மூணு வருஷமாக் கூட்டம் போட்டுக் கேப்பான். பிஸ்கட்டுதான் மிச்சம். இன்னொருத்தன் ஒரு வார்த்தை கேக்காம ராத்திரியோட ராத்திரியா எறக்கி வச்சுட்டுப் போவான். ரெண்டு பேரும் சேந்து ஒரு மனுஷனா இருந்தா நான் கட்டிக்குவேன்."

எவர்லினும் சிரிப்பாள். ஆனால் அவள் தங்கை ரோசினாவுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. போன பிரசவத்தின்போது இரவல் படகில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, கடற்கழியின் நடுவில் பெட்ரோல் தீர்ந்து, பிள்ளை படகிலேயே பிறந்தது. அவனுக்குப் பெட்ரோல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் யாராவது "பெட்ரோல், சாப்பிட வாடா" என்று கூப்பிட்டால் ஊரே சிரிக்கும். அன்று படகின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்துகொண்டே வந்ததை எவர்லின் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் தங்கை பிழைக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் இரண்டு தரப்பும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலியத் திட்டத்தின் அதிகாரி கிரெய்க்குக்கு, மேலிடத்துக்கு அனுப்ப, ஊர்ப் பெண்கள் படகைச் சுற்றி நிற்கிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். கடலட்டை வாங்கி விற்கிறவரும் இப்போது சீனத் தரப்பின் ஊர்த் தொடர்பாளருமான பானுக்கு, மோட்டாரைச் சுற்றி அதே மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். இருப்பதோ அதே பெண்கள், அதே பூப்போட்ட சட்டைகள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி அவர்களுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது ஓட்டத்தில், நடு மைதானத்தில், கிரெய்க் ஜெமிமாவின் வலக்கையைப் பிடித்துக் கூப்பிட, பான் இடக்கையைப் பிடித்துக் கூப்பிட, பேச்சு முற்றியது. கிரெய்க் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பான் அதைவிடக் கனமான ஒன்றைத் திருப்பிச் சொன்னார், அதுவும் எல்லோருக்கும் புரிகிற பிஜின் மொழியில்.

மலைட்டாத் தீவில் பெண்கள் காதுபட வசவு சொல்லிவிட்டு யாரும் சும்மா வீட்டுக்குப் போக முடியாது. ஜெமிமா இரண்டு கைகளையும் உதறி விடுவித்துக்கொண்டு, "மாயலாசியக் கூப்பிடுங்க" என்றாள்.

ஊர்த்தலைவர் மாயலாசி, எவர்லினுக்குத் தாய்மாமன். மரத்தடியில் பாய் விரித்து ஊர் கூடியது. கிரெய்க் முகம் சிவந்து எழுந்து நின்றார். "நான் மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நல்லது. கேளுங்க" என்றார் மாயலாசி. "ஈடு எப்பக் குடுப்பீங்க?"

பானுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியும். வெகுகாலமாக இங்கேயே கிடப்பவர். தலையைக் குனிந்துகொண்டு, "பன்னி எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

"ஆளுக்கு ஒரு பன்னி. ஆளுக்கு ஒரு சரம் சிப்பிக்காசு" என்று மாயலாசி சொல்லத் தொடங்கும்போது எவர்லின் எழுந்துவிட்டாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ரோசினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் குரல் வந்தது.

"பன்னி வேணாம் மாமா."

"உனக்கு வேணாம்னா போ. எனக்கு வேணும்" என்றாள் ஜெமிமா.

"இவர் படகக் குடுக்கட்டும். அவர் மோட்டாரக் குடுக்கட்டும். அதான் ஈடு."

கிரெய்க் விழித்தார். "அதான் ஏற்கெனவே குடுத்தாச்சே சிஸ்டர்."

"பரிசாக் குடுத்தீங்க. பரிசுக்குக் குடுத்தவன் பேரு உண்டு. ஈட்டுக்குப் பேரு கிடையாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாயலாசி மெல்லச் சிரித்தார். ஈடாகக் கொடுத்த பொருளை யாருடையது என்று பிறகு யார் பேசினாலும், பழைய வசவைத் திரும்பச் சொன்னதற்குச் சமம். மறுபடி முதலிலிருந்து ஈடு கட்ட வேண்டும். பன்றியாக இருந்தால் தின்று தீர்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். படகையும் அப்படித்தான் மறக்க வேண்டும்.

"அப்ப அந்தக் கொடி?" என்றார் கிரெய்க்.

"எந்தக் கொடி?" என்றாள் எவர்லின்.

மேலிடத்தைக் கேட்டுவிட்டு வருவதாக இருவரும் குன்றின் மேல் ஏறினார்கள். ஊரில் சிக்னல் கிடைப்பது அங்கே ஒரு தென்னைமரத்தடியில் மட்டும்தான். ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி நின்று, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். ஊர் கீழேயிருந்து வேடிக்கை பார்த்தது. எவர்லினுக்கு மட்டும் வேடிக்கை பார்க்க மனமில்லை. பேராசைப்பட்டு உள்ளதையும் கெடுத்துவிட்டோமோ, இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று தவித்தாள்.

இறங்கி வந்தபோது கிரெய்க் வியர்த்திருந்தார். "எங்க ஆளுங்க கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணணுமாம்."

"எங்க ஆளுங்க முடிவு பண்ணிட்டாங்களாம்" என்றார் பான். "என்ன முடிவுன்னுதான் சொல்லல."

மாயலாசி வெற்றிலையை மடித்தார். "இங்க கூட்டமும் போட்டாச்சு, முடிவும் பண்ணியாச்சு. என்ன முடிவுன்னும் சொல்லியாச்சு. உங்களுக்கு இன்னும் என்னய்யா வேணும்?"

முதலில் சிரித்தது பான்தான். யாரோ சுமையை இறக்கிவிட்ட மாதிரி தோள் இரண்டும் தளர, விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எவர்லினிடம், "சிஸ்டர், கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? ஸ்டிக்கர் சுத்தமா உரியும்" என்றார். அவர் முந்திக்கொள்வதைப் பார்த்ததும் கிரெய்க் ஒரு சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு கொடியைச் சுரண்டப் படகை நோக்கி ஓடினார். இருவருக்கும் அதிலும் போட்டி. பெண்கள் கோழியை முட்டைகளோடு ஒரு கூடைக்கு மாற்றினார்கள். கோழி ஊரையே திட்டியது. அதற்கு ஈடு கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். படகு ஒரு வட்டம் அடித்துத் திரும்பியபோது, கரையில் நின்ற கிரெய்க் மனம் பூரித்து, "நம்ம ப" என்று தொடங்கினார். ஜெமிமா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"நம்ம பசங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு சொல்ல வந்தேன்."

பான் கடலைப் பார்த்தபடியே அவர் கையில் ஒரு பாக்கைத் திணித்தார். "மெல்லுங்க. வாயத் தொறக்காம இருக்கறதுக்கு இதான் மருந்து."

மறுவாரம் விடிந்தும் விடியாமலும் ரோசினாவுக்கு வலி எடுத்தது. பாயோடு தூக்கிவந்து படகில் படுக்க வைத்தார்கள். ஜெமிமாவின் தம்பி கயிற்றை இழுத்ததும் மோட்டார் உறுமியது. கரை பின்வாங்க ஆரம்பித்த பிறகுதான் எவர்லினுக்கு உயிரே போனது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டாள்.

ஒரு கேன் இல்லை, இரண்டு கேன்கள் இருந்தன. இரண்டும் கழுத்துவரை நிறைந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். ஒன்றிலும் ஒரு எழுத்துகூட இல்லை.

"யாருக்கா வச்சது?" என்றாள் ரோசினா, வலிக்கு நடுவில்.

"கேக்காதே" என்றாள் எவர்லின். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. "கேட்டா ரெண்டு பேருக்கும் பன்னி செலவு."

ரோசினா சிரிக்கப்போய், வலியில் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இந்தப் பிள்ளைக்கு என்ன பேருக்கா வைக்கிறது?"

எவர்லின் வெளியே எட்டிப் பார்த்தாள். படகின் பக்கவாட்டில், கொடி இருந்த இடம் மட்டும் இதுவரை வெயில் படாததால் பளிச்சென்று கட்டமாகத் தெரிந்தது. அலை ஒன்று வந்து அதைக் கழுவிவிட்டுப் போனது. காலடியில் இரண்டு கேன்களும் தளும்பிக்கொண்டே வந்தன.