எட்டாவது குழாய்

தையல்காரியின் கை மெஷினில் இருந்தது, காது கூடத்தில் இருந்தது. அங்கே அவள் புருஷனும் தங்கையும் எட்டு அலுமினியக் குழாய்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒரே சிரிப்பு.

தங்கை அறிவியல் டீச்சர். சொந்தமாகத் தொலைநோக்கி செய்தே தீருவேன் என்று நிற்கிறாள். கீழே நிலாவைப் பிடிக்கும் கண்ணாடி பதித்த பெட்டி, மேலே ஒரு வளையம், வளையத்தைத் தாங்க நடுவில் முக்கோணம் முக்கோணமாகக் குழாய்கள். புருஷன் அலுமினிய ஜன்னல் போடுகிறவன். சொந்த வீட்டு அடுக்களைக் கதவு ஆறு மாதமாகத் தொங்குகிறது. மச்சினிக்கென்றால் ஞாயிற்றுக்கிழமைகூட ஓடியாடி வேலை.

“அக்கா, வெளிச்சம் உள்ள வராம சுத்திக் கட்டணும். கறுப்புத் துணியில தச்சுத் தர்றியா?”

டேப்போடு போய் அளந்தாள். ஏழு குழாயும் ஒரே அளவு. எட்டாவது அரை சென்டிமீட்டர் குட்டை. மறுபடி அளந்தாள். வாயைத் திறக்காமல் மெஷினுக்குத் திரும்பினாள்.

பூட்டிப் பார்த்தபோது வளையம் ஒரு பக்கம் சாய்ந்தது. கழற்றினார்கள், மாட்டினார்கள். மறுநாள் சாயங்காலமும் அதே கதை.

“நீ எழுதிக் குடுத்த கணக்கே தப்பு.”

“கணக்கு சரிதான் மாமா. நீங்க வெட்டினதுதான்...”

“இருபது வருஷமா வெட்டறேன். எனக்கே பாடம் நடத்துறியா?”

தையல்காரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டியதும் அந்தக் குளுமை போன இடம் தெரியவில்லை.

“ஜன்னலோரக் குழாய் குட்டை. நேத்தே அளந்தேன்.”

“நேத்தேவா? ஏன்டி சொல்லல?” என்றான் புருஷன்.

“என்னை யாரு கேட்டீங்க? நீங்க ரெண்டு பேரும் கூடிக் கூடிப் பேசுறீங்க, நடுவுல நான் யாரு?”

தங்கை திரும்பி வந்தாள். “அக்கா, எம்மேல பொறாமையா உனக்கு?”

“ஆமா.”

சொன்ன பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புருஷன் புதுக் குழாய் வெட்டப் போய்விட்டான்.

வளையத்தை அவள்தான் பிடித்துக்கொண்டாள். மற்ற இருவரும் திருகாணிகளை முடுக்கினார்கள். இந்த முறை ஆடாமல் நின்றது. அவள் தைத்த கறுப்புத் துணியைச் சுற்றிக் கட்டி, மாடிக்குத் தூக்கிப்போய் நிலாவுக்கு நேரே திருப்பினார்கள்.

“முதல்ல நீ பாரு அக்கா.”

பார்த்தாள். குழியும் மேடுமாக, தொட்டுவிடலாம் போல் இருந்தது.

“போதும், நாங்களும் பாக்கணும்ல?” என்றான் புருஷன்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.