ஒட்டகத்தைத் தோற்கடித்த பேட்டரி

"என் பேட்டரி ஆறு மாசமாத் தண்ணி குடிக்கல! ஒட்டகமெல்லாம் வரிசையில நின்னு அதுகிட்டப் பாடம் கேட்டுட்டுப் போச்சு!"

ஆர்வில் முழங்கியதும் மிச்சிகன் ஏரிக்கரையில், காரில் இழுத்துப்போகும் பழைய டிரெய்லர் வீடுகளோடு கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நாற்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்த வெர்னா மட்டும் முறைத்தாள்.

"அறுபத்தொன்பதாம் வருஷத்துச் சார்ஜர், கிழவா. பேட்டரி நிறைஞ்சாலும் அதுக்கு நிறுத்தத் தெரியாது. தண்ணியைக் கொதிக்கவச்சே தீர்த்துடும். குளிர்காலம் பூரா சொருகியே வச்சிருந்தா உள்ளே பாலைவனம்தான்."

"பாலைவனமா இருந்தா சார்ஜரை நீயே கழட்டி எறி!"

சொல்லிவிட்டு ஆர்வில் தன் டிரெய்லரைத் தடவிக்கொடுத்தார். பழைய சாமான் ஒன்றுகூட மாறாத டிரெய்லர் அது. அந்தச் சார்ஜர் போனால் மீசை மழித்த சிங்கமாகிவிடும்.

வெர்னா பேட்டரி மூடிகளைத் திறந்து டார்ச் அடித்தாள். ஆறு அறையிலும் தண்ணீர் குறியளவுக்கு நின்றது.

"களவாணி! நேத்து ஊத்தினியா?"

"அக்டோபர்ல மூடிக்கு நெயில் பாலிஷ் போட்டு சீல் வச்சதே நீதான். இப்ப உடைச்சதும் நீதான்!"

"அப்ப எப்படிய்யா?"

ஆர்வில் மாப்பிள்ளை மிடுக்கோடு சார்ஜரின் பிளக்கைக் காட்டினார். அதில் கிறிஸ்துமஸ் விளக்குக்கு மாட்டும் டைமர் இருந்தது.

"தினம் அரை மணி நேரம்தான் கரண்ட் விடும். அப்புறம் சார்ஜருக்குத் தூக்கம்."

வெர்னா ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"வயிறு எரியுது. ஆனா கிழவன் சொன்னது நிஜம். ஒட்டகம் வந்ததைத் தவிர எல்லாமே நடந்திருக்கு."