செவ்வாய்க்கிழமை லண்டன் விமானம்

இராஜேஸ்வரி ஓய்வு பெற்ற நாளில், கனடாவில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் அந்தச் சமையற்கூடத்தில் கேக் வெட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே வரிசையில் நின்று தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்கியவள் அவள். மேற்பார்வையாளர் ஸ்டெபனி ஓர் உறையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நயாகராப் பக்கத்தில் நுரைக்கிற வைன் செய்யும் நிலவறைகளைப் போய்ப் பார்த்து வர ஒரு நாள் பயணம். பத்துப் பேருக்கு மேல் ஏற்றாத வான், வழிகாட்டி, மதியச் சாப்பாடு. இரண்டு பேருக்கு. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் என்று சொல்லி ஸ்டெபனி அவளைக் கட்டிப்பிடித்தாள்.

கணவர் குலசிங்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தார். காணி அலுவலாக மூன்று மாதத்துக்கு என்று போனவர், நாலு வருடமாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எடுத்து, அங்கத்தைய வெயிலைப் பற்றியும் கிணற்று மோட்டரைப் பற்றியும் சொல்வார். "நீர் சுகமோ?" என்று கேட்பார். அவள் ஓம் என்றதும் வைத்துவிடுவார். இதை அவள் வேலையிடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பயணச்சீட்டு செப்டெம்பர் கடைசி வரைக்கும்தான் செல்லும். அஜக்சில் இருக்கும் மகன் திலக்சனிடம் கேட்டாள். "அம்மா, நீங்கள் வைன் டூரோ?" என்று அவன் பலமாகச் சிரித்தான். பிறகு, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு சொக்கர் விளையாட்டு இருக்கிறது என்றான். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில் அவளுடைய அதே மாடியில் குடியிருந்த கிளடிஸ் மட்டும் உடனே சம்மதித்தாள். இரண்டு பேருமாக எந்தச் சட்டை போடுவது என்றுகூடக் கதைத்து வைத்தார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு கிளடிசிடமிருந்து செய்தி வந்தது. பேத்திக்குக் காய்ச்சலாம், மகள் வரச்சொல்லிவிட்டாளாம். இராஜேஸ்வரி அப்போதே சேலைக்குப் பதிலாக நீலச் சட்டையைப் போட்டு, தலை இழுத்து, சப்பாத்தும் போட்டுவிட்டாள். கழற்ற மனம் வரவில்லை. பஸ்சில் ஏறிப் பிறகு சப்வேயில் மாறி, யூனியன் ஸ்ரேசனுக்குத் தனியே போய்ச் சேர்ந்தாள்.

வழிகாட்டியின் பெயர் றோய். ஐம்பது வயது இருக்கும், வாய் ஓயாத மனிதர். பட்டியலில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு என்ற இலக்கத்தைப் பேனையால் தட்டி, மற்றவர் எங்கே என்று கேட்டார்.

"வரேல்லை" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

வானில் முதலில் ஏறியவர்கள் ஒரு வயதான தம்பதியும், தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்த இரண்டு சகோதரிகளும். அவள் யன்னலோரம் இருந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். வான் புறப்படுகிற நேரத்தில் ஒரு இளம் பெண்ணும் பையனும் ஓடிவந்து ஏறி, பின்னால் போய் இருந்தார்கள். "இந்தா, முதல்லை தண்ணியைக் குடி" என்று பையன் சொன்னது கேட்டது.

அந்த ஒரு வசனத்தில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த நாள் முழுக்க ஒரு வார்த்தை தமிழில் கதைக்கலாம், இது புளிக்குது, இது இனிக்குது என்று யாருக்காவது சொல்லலாம். திரும்பிப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே உறைந்துவிட்டது. தலையில் கிடந்த கறுப்புக் கண்ணாடியை இறக்கிக் கண்ணில் மாட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள். பையன் எழும்பி, இரண்டு வரிசை தள்ளி இருந்தான். அதற்குப் பிறகு பின்னாலிருந்து தமிழ் கேட்கவேயில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் றோய் எல்லோரையும் பார்த்து, இன்றைக்கு எதைக் கொண்டாட வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வயதான தம்பதிக்குத் திருமணமாகி நாற்பது வருடம். சகோதரிகளில் மூத்தவளுக்குப் பிறந்தநாள். இராஜேஸ்வரி, வேலையிலிருந்து ஓய்வு என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். இடது பக்கம் ஏரி கடல்போலக் கிடந்தது.

முதல் நிலவறைக்குப் படியிறங்கும்போதே குளிர் காலில் பிடித்தது. சரிவான மரச்சட்டங்களின் துளைகளில் போத்தல்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாகச் செருகியிருந்தன. றோய் ஒன்றைத் தொட்டுக் காட்டி விளக்கினார். வைன் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கிறது. நுரை அப்படித்தான் உண்டாகிறது. மூன்று வருடம் இருட்டில் கிடக்கிறது. கடைசியில் ஒவ்வொரு நாளும் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, அடி மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், மண்டி கட்டியாகத் தெறித்து வெளியே போய்விடும்.

"ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் திருப்பும்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். வரிசையில் நின்று வேலை செய்தவளுக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது. பழகிய கை என்றால் ஆயிரக்கணக்கில் என்றார் றோய். மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும் என்று அவளுக்கு உடனே பட்டது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அதைச் சொல்லவில்லை.

மேலே சுவைக்கும் மேசையில் பெயர் எழுதிய அட்டைகள் வைத்திருந்தார்கள். வேலையிடத்தில் அவளைக் கூப்பிட்டபடி ராஜி என்று ஒன்று. அதற்குப் பக்கத்தில் விருந்தினர் என்று இன்னொன்று. ஊற்றிக்கொண்டு வந்த பெண் அட்டையைப் பார்த்து இரண்டு கிளாசிலும் ஊற்றிவிட்டுப் போனாள். இராஜேஸ்வரி தன்னுடையதை எடுத்து ஒரு வாய் வைத்தாள். மூக்குக்குள் ஏறியது. பச்சை அப்பிளைக் கடித்ததுபோல் இருந்தது. பரவாயில்லை. மற்றக் கிளாசில் குமிழிகள் நூல் நூலாக மேலே வந்துகொண்டிருந்தன. றோய் கதைத்து முடிக்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அது பச்சைத்தண்ணிபோல் அடங்கிவிட்டது.

மதியச் சாப்பாடு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்த ஒரு நீள மேசையில். மிச்சமாயிருந்த ஒரேயொரு இடம் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில். பையன் மேசையின் மறு தலைப்பில், சகோதரிகளோடு யாரோ எவரோபோல இருந்தான். பெண் கோழித்துண்டை முள்ளுக்கரண்டியால் தள்ளித் தள்ளி வைத்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. உதட்டுச்சாயத்தைக்கூடத் துடைத்திருந்தாள். இராஜேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் கூச்சப்படவில்லை, பயப்படுகிறார்கள். தன்னைக் கண்டுதான் பயம்.

அவளைக் கண்டு இந்த நாட்டில் ஒருவரும் பயந்ததில்லை. சிரிப்பு வந்தது. ஆனால் தன்னால் இரண்டு பிள்ளைகளின் ஒரு நாள் கெட்டுப்போகிறதே என்ற எண்ணம் சாப்பாட்டைக் கசக்கச் செய்தது.

இரண்டாவது நிலவறைக்குப் போனபோது, இராஜேஸ்வரி கை கழுவப் போன இடத்துக்கு அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அன்ரி, நீங்கள் எங்கட கோயிலுக்கு வாறனீங்களோ? அம்மாவைத் தெரியுமோ? நாங்கள் சும்மா பிரெண்ட்ஸ்தான். அவன் யூட்சன். கத்தோலிக்கப் பெடியன். அம்மா... அம்மாட்ட நான் வேலை ட்ரெயினிங் எண்டு சொல்லிட்டு வந்தனான்."

உமது அம்மா ஆரெண்டே எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் இராஜேஸ்வரி வாயெடுத்தாள். ஆனால் இந்தப் பிள்ளை அதை நம்பாது. தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் இருக்கிற ஒரு அன்ரிக்கு இன்றைக்குத் தெரியாதது நாளைக்குத் தெரியவரும்.

"நான் இஞ்சை இல்லைப் பிள்ளை" என்றாள். "லண்டன். தங்கச்சி வீட்டை வந்தனான். செவ்வாய்க்கிழமை போறன், இரவு எட்டரை பிளைட்."

எட்டரை என்பது யோசிக்காமலே வந்தது. இருபத்திரண்டு வருடம் அந்த விமானத்துக்குத் தட்டு அடுக்கியவள் அவள். லண்டனை அவள் கண்டதில்லை. கனடாவில் அவளுக்குத் தங்கச்சியும் இல்லை.

பெண்ணின் தோள்கள் இறங்கின. சுவரில் சாய்ந்து நின்று, முதன்முறையாகச் சிரித்தாள். "அன்ரி, நான் அட்சயா."

அதன் பிறகு அந்த நாள் வேறு நாளாயிற்று. யூட்சன் வந்து வணக்கம் சொன்னான். இரண்டாவது நிலவறையில் மூன்று பேரும் ஒன்றாக நடந்தார்கள். றோசா நிற வைனைக் குடித்துவிட்டு, "இது நல்லாயிருக்கு, மற்றது வாயைக் கூசவைச்சது" என்று இராஜேஸ்வரி சொன்னாள். "ஓம் அன்ரி, எனக்கும்" என்றாள் அட்சயா. காலையிலிருந்து அவள் விரும்பியது அவ்வளவுதான். போத்தல் திருப்புகிறவரின் மணிக்கட்டைப் பற்றியும் சொன்னாள். யூட்சன் நின்று, தன் கையைச் சுழற்றிப் பார்த்து, உண்மைதான் என்றான். இரண்டு பேரும் சேர்ந்து நிற்க அவள் படம் எடுத்துக் கொடுத்தாள். தன்னையும் அவர்கள் எடுக்கக் கேட்டபோது, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

திரும்பி வரும் வழியில் அட்சயா வந்து கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் இருந்தாள். அம்மா தன்னைத் தனி ஆளாக வளர்த்ததை, யூட்சனைச் சந்தித்து மூன்று வருடமாவதை, ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துச் சொல்லாமல் விடுவதை எல்லாம் சொன்னாள். "உங்களிட்டைச் சொல்லுறது ஈசியா இருக்கு, அன்ரி. நீங்கள் போயிடுவீங்கள்தானே."

"ஓம்" என்றாள் இராஜேஸ்வரி.

லண்டனில் எந்த இடம் என்று கேட்டாள் பெண். "ஈஸ்ட்ஹாம்" என்றாள். ஒருகாலத்தில் கூட வேலை செய்த ஒருத்தியின் அக்கா அங்கே இருந்தாள். வேலைக்குப் போறனீங்களோ, பிள்ளைகள் எத்தனை, அங்கிள் என்ன செய்யிறார் என்று கேள்வி தொடர்ந்தது. அங்கிள் வீட்டில்தான், ஓய்வு, பின்னேரம் இரண்டு பேரும் பார்க்கில் நடக்கப் போவோம் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சுகமாக வந்தது என்பதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வான் யூனியனில் நின்றபோது ஆறரை மணி. யூட்சன் காரைப் பக்கத்துக் கட்டடத்தில் விட்டிருந்தான். "அன்ரி, தங்கச்சி வீடு எங்கை? நாங்கள் ஸ்காபரோதான் போறம், ஏத்திக்கொண்டு போய் விடுறம்."

வோபர்ன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லைத் தம்பி, தங்கச்சி இஞ்சை வந்து ஏத்துறன் எண்டவ" என்று எதிரே இருந்த பெரிய ஹொட்டலைக் காட்டினாள். "உதிலை நிக்கச் சொன்னவ."

அவர்கள் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்கள். அட்சயா கட்டிப்பிடித்து, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றாள். ஹொட்டலின் முன்கூடத்தில் இராஜேஸ்வரி ஒரு சோபாவின் நுனியில் இருந்தாள். வேலையாள் ஒருவன் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்றாள். அரை மணி நேரம் கழித்து எழும்பித் தெருவைக் கடந்து சப்வேக்குள் இறங்கினாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு, லோரன்ஸ் வீதியில் இருக்கிற மீன்கடையில் அவள் விளைமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அது நேற்றையான், அங்கால் பெட்டியிலை பாருங்கோ" என்றாள். மெலிந்த, களைத்த முகம். இரண்டு பேரும் மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, முட்டிவலி, குளிர் என்று போய்விட்டார்கள். இராஜேஸ்வரி நெடுநாளைக்குப் பிறகு நன்றாகக் கதைத்தாள். "நான் இஞ்சை உந்தப் பில்டிங்தான், பதினாறு வருசம்" என்று அவள் சொல்லவும், தள்ளுவண்டியோடு அட்சயா வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"என்ர மகள்" என்றாள் அந்தப் பெண். "பில்டிங் உதிலையெண்டால் ஒருநாள் பின்னேரம் வீட்டை வாங்கோவன். உவள் வேலைக்குப் போனால் நான் தனியத்தான்."

அட்சயாவின் முகத்தில் இரத்தமே இல்லை. வண்டியின் கைபிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இராஜேஸ்வரி அவளை ஒரு அறியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, தாயிடம் திரும்பினாள்.

"எனக்கு நேரம் கிடைக்கிறேல்லைத் தங்கச்சி. மகன்ர பிள்ளையளைப் பாக்க அஜக்சுக்குப் போறதும் வாறதுமாத்தான் இருக்கிறன்."

தாயின் முகம் சற்று வாடியது. பரவாயில்லை என்றாள்.

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது அட்சயா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அன்ரி, நீங்கள் லண்டன் எண்டனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

"நீர் அண்டைக்கு மத்தியானம் ஒண்டும் சாப்பிடேல்லை" என்றாள் இராஜேஸ்வரி.

அட்சயாவின் கண் கலங்கியது. "அம்மா காருக்குள்ளை உங்களைப் பற்றித்தான் கதைக்கிறா. நல்ல மனுசி எண்டு. நீங்கள் வாங்கோ அன்ரி. உண்மையா வாங்கோ." சொல்லும்போதே தலை ஒருமுறை கார் நின்ற பக்கம் திரும்பி வந்தது.

"முதல்லை அம்மாட்டைச் சொல்லும். பிறகு பாப்பம்."

"ஓம் அன்ரி. நான் கோல் பண்ணுறன்." அவள் ஓடிப்போனாள். தொலைபேசி இலக்கம் கேட்கவில்லை. அது ஞாபகம் வந்து இராஜேஸ்வரி கையை உயர்த்தினாள். அதற்குள் கார் திரும்பிவிட்டது. உயர்த்திய கையைப் பார்த்து, தனக்குத்தான் என்று நினைத்துப் பஸ் நின்றது.

வீட்டுக்குப் போய் மீனைக் கழுவி வெட்டினாள். மூன்று துண்டைச் சட்டியில் போட்டாள். மிச்சத்தைப் பையில் கட்டி பிரீசரில் வைத்தாள்.