கீழ்ப்பல்லில் கை வைத்தவர்

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். நீலக்கைக்கு ஒரு மாதமாக அந்த வசதியும் இல்லை. வலப்பக்கம் பல்லோடு பல் பட்டாலே கீழ்த்தாடையில் சுரீரென்று கிளம்பி, காதுக்குள் போய் நிற்கும். அதனால் அவள் பொறுத்துப் போகவில்லை. நாளுக்கு நாள் கோபம் ஏறியதுதான் மிச்சம்.

நீலக்கை என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவள் பரிசோதகர். இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஒன்றில் நீலச் சாயத்தை லேசாகத் தடவி, மற்றதோடு வைத்து அழுத்தி எடுப்பாள். எங்கே மேடோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாயம் நகக்கண்ணில் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் அவள் விரல்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் அதைச் சட்டை செய்வதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அட்டையில் 'மேடு' என்று அவள் எழுதிவிட்டால், மேலாளரே வந்து கெஞ்சினாலும் அந்தப் பாகம் பம்புக்குள் போகாது.

அப்படிப்பட்டவளின் வாயில்தான் ஒரு மேட்டை வைத்து அனுப்பினார்கள்.

மேல் வரிசையில், வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, வேர்ச் சிகிச்சை செய்து நரம்பை எடுத்து, அதன் தலையில் பீங்கான் கேப் ஒன்றை மாட்டினார் பல் டாக்டர். மரத்துப் போயிருந்த வாய் அன்று மாலை தெளிந்தது. ரொட்டித் துண்டைக் கடித்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கேப் முந்திக்கொண்டு போய்க் கீழ்ப்பல்லில் இடித்தது. மற்ற பற்கள் பின்னால் வந்தன, சில வந்து சேரவே இல்லை. மேல்பல்லுக்கு நரம்பு இல்லை, அதற்கு வலிக்காது. உயிரோடு இருக்கிற கீழ்ப்பல்தான் வேளைக்கு வேளை அடி வாங்கியது.

மறுநாளே போய்ச் சொன்னாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு நொடி எட்டிப் பார்த்தார்.

"புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். சாப்பிடச் சாப்பிடப் பழகிடும்."

"பழகுறதுக்கு இது என்ன புதுச் செருப்பா டாக்டர்? மேடா இருக்கு."

"மேடா? அளந்து பார்த்தீங்களா?" என்று சிரித்தார்.

யாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுவிட்டார் பாவம். அவளும் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள். அதை நினைத்துப் பிறகு பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மறுபடி போனபோது, நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்து, "வலிக்காம இருக்கட்டும்" என்று ஊசி போட்டு, இடிக்கிற இடத்தில் சாயம் ஒட்டுகிற வண்ணத்தாள் ஒன்றை வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். மரத்த வாய் எங்கே கடிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மெஷின் மூன்று நிமிஷம் சத்தம் போட்டது. "முடிஞ்சது, போங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் இடி அப்படியே இருந்தது. போதாக்குறைக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் கீழ்ப்பல் கூசியது.

மூன்றாவது முறை எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார்.

"கீழ்ப்பல்லு நரம்பு கெட்டுப்போச்சு. அதுக்கும் வேர்ச் சிகிச்சை பண்ணி ஒரு கேப் போட்டுடலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

ஒரு பூச்சி அரிக்காத பல். பதினோரு வயதில் முளைத்ததிலிருந்து ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத பல். அதைக் குடைந்து உயிரை எடுப்பதற்கு நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு ஒரு துண்டு எஃகுத் தகடு வாங்கிக்கொண்டாள். பாகங்களுக்கு நடுவே விட்டு இழுத்துப் பார்ப்பதற்கான தகடு அது. தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். ஊதினால் பறக்கும். சனிக்கிழமை காலையில் அதை வெந்நீரில் போட்டெடுத்துத் துடைத்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கணவனைக் கூப்பிட்டாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். அன்று லீவு. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"நான் கடிக்கிறேன். நீங்க இதை மெல்ல இழுங்க."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? படிச்ச டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா?"

"உங்க பஸ்ல பிரேக் கத்தினா, ஓட ஓடப் பழகிடும்னு ஓட்டுவீங்களா?"

"அது வேற."

"என்ன வேற? இழுங்க."

இடப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். தகடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்பல்லிலும் வந்தது. வலப்பக்கம் கேப்புக்கு முன்னால் இருந்த பல்லில் வைத்தாள், அங்கேயும் தடையே இல்லாமல் வந்தது. கடைசியாகக் கேப்புக்கு அடியில் வைத்தாள். அவர் இழுத்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தகடு கிழிந்து பாதி அவர் கையிலும் பாதி அவள் வாயிலும் நின்றது.

"அடேங்கப்பா!" என்றார். "அப்ப மத்த பல்லெல்லாம் சும்மா வேடிக்கை பார்த்துக்கிட்டா இருக்கு?"

ஒரு மாதமாக அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவருக்குக் கிழிந்த தகடு ஒரே நொடியில் புரியவைத்துவிட்டது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, "டார்ச் அடிங்க" என்றாள்.

சின்னக் கைக்கண்ணாடியை வாய்க்குள் சாய்த்துக் கீழ்ப்பல்லைப் பார்த்தாள். பல்லின் உச்சியில், ஒரு முனை இருக்க வேண்டிய இடத்தில் முனை இல்லை. சீவிவிட்ட மாதிரி ஒரு தட்டை பளபளத்தது. இடப்பக்கத்துப் பல்லைப் பார்த்தாள். அதில் முனை முழுசாக இருந்தது. அவளுக்கு அந்த மூன்று நிமிஷம் நினைவுக்கு வந்தது. மரத்த வாயிலும் அன்றைக்கு அதிர்வு மேலே இல்லை, தாடை எலும்பு முழுக்கக் கீழேதான் நடுங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"என் பல்லை ராவியிருக்கான்."

"டாக்டரைப் போய் அவன் இவன்னு பேசாத."

"வேற எப்படிப் பேசறது? நீங்களே சொல்லுங்க."

அவர் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

தொழிற்சாலைக்குள் முதல் நாள் நுழைகிறவனுக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. புதிதாக வந்த பாகம் பொருந்தவில்லை என்றால் வந்த பாகத்தைத்தான் ராவித் தேய்க்க வேண்டும், ஏற்கெனவே இருக்கிற பம்புப் பெட்டியை ராவக் கூடாது. பாகம் வீணானால் இன்னொன்று செய்யலாம். பெட்டியைச் சுரண்டினால் பம்பே போயிற்று. வெறும் இரும்புக்கே இவ்வளவு மரியாதை இருக்கிறது. ஒரு மனுஷியின் பல்லுக்கு இல்லையா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஊசியைப் போட்டு மரத்துப்போக வைத்துவிட்டு வேலையை முடித்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். உதவியாளர் பெண் கழுத்தில் துணியைக் கட்டி, நாற்காலியைச் சாய்க்கக் கையை வைத்தாள். டாக்டர் ஊசியோடு வந்தார்.

"ஊசி வேண்டாம் டாக்டர். நாற்காலியைச் சாய்க்கவும் வேண்டாம்."

"ஊசி போடாம எப்படிம்மா? வலி தாங்க மாட்டீங்க."

"நரம்புல கை வைக்கிறதுக்கு முன்னாடி என் கேப்பை ஒரு தடவை ஒழுங்கா பாருங்க. உட்கார்ந்த மேனிக்கு, மரத்துப்போகாம, எச்சிலைத் துடைச்சிட்டு."

"அதான் போன தடவையே பார்த்தேனே."

"படுக்கவச்சுப் பார்த்தீங்க. படுத்தா தாடை பின்னாடி போகுது. நான் என்ன படுத்துக்கிட்டா சாப்பிடுறேன்?"

உதவியாளர் பெண்ணின் முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நீலக்கை கைப்பையிலிருந்து இன்னொரு துண்டுத் தகட்டை எடுத்தாள்.

"அன்னைக்கு அளந்தீங்களான்னு கேட்டீங்கல்ல, இதோ. நான் கடிக்கிறேன், நீங்களே இழுத்துப் பாருங்க."

வேறு வழியில்லாமல் இழுத்தார். இடப்பக்கம் வழுக்கி வந்தது. முன்பக்கம் வந்தது. கேப்பில் நின்றது. இன்னொரு முறை இழுத்தார், மறுபடி நின்றது. டாக்டருக்குக் காது மடல் சிவந்தது.

"இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. என் கீழ்ப்பல்லை ஏன் ராவினீங்க?"

அவர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"கேப்பை ராவினா பீங்கான்ல பாலிஷ் போயிடும்மா. கீழ்ப்பல்லுல துளி எடுத்தா ஒண்ணும் ஆகாது. நிறையப் பேர் அப்படித்தான் பண்றோம்."

"பாலிஷ் போனா மறுபடி போடலாம். பல்லு போனா மறுபடி முளைக்குமா? நிறையப் பேர் பண்றோம்னு சொல்றீங்களே, அந்த நிறையப் பேர்ல ஒருத்தராவது கேட்டுட்டுப் பண்ணீங்களா? இடிச்சது உங்க கேப்பு, அடி வாங்கினது என் பல்லு. கடைசியில என் பல்லையே சீவி, அதோட உயிரையும் எடுக்க நேரம் குறிக்கிறீங்க. வாய் என்னோடது டாக்டர். நான் அதுக்குள்ளதான் குடியிருக்கேன்."

வெளியே காத்திருந்த ஒருவர் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். உதவியாளர் பெண் பஞ்சால் பல்லைத் துடைத்துவிட்டு, சொல்லாமலே வண்ணத்தாளை எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்தபடி கடித்தாள் நீலக்கை. கைக்கண்ணாடியில் பார்த்தால் கேப்பின் உட்சரிவில் ஒரு பொட்டு நீலம். இருபத்திரண்டு வருடமாக அவள் தினமும் பார்க்கிற அதே நீலம்.

"அங்கதான்" என்றாள்.

இந்த முறை மெஷின் மேலேதான் அதிர்ந்தது. கொஞ்சம் ராவுவது, துடைப்பது, கடிப்பது, தகட்டை இழுப்பது என்று நான்கு சுற்று நடந்தது. நான்காவது சுற்றில் தகட்டை இடப்பக்கமும் பிடித்தது, வலப்பக்கமும் பிடித்தது, கேப்பும் அவற்றோடு சேர்ந்து அளவாகப் பிடித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுடைய பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சந்தித்துக்கொண்டன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது வலியால் இல்லை என்று உதவியாளர் பெண்ணுக்குப் புரிந்தது, பேசாமல் ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். பிறகு ரப்பர்ச் சக்கரத்தால் கேப்புக்குப் பாலிஷும் போட்டாயிற்று. இரண்டே நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவள் பல்லைச் சீவியிருக்கிறார்கள்.

"கீழ்ப்பல்லு நரம்பு பிழைக்குமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாரம் போகட்டும், பார்ப்போம்" என்றார் டாக்டர். அவர் அவளிடம் முதல் முறையாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அந்த இரண்டு வாரமும் அவள் இடப்பக்கம் மட்டுமே மென்றாள். நாலாம் நாள் காதுவரை ஓடிய சுரீர் நின்றது. பத்தாம் நாள் தண்ணீர்க் கூச்சம் குறைந்தது. இரண்டு வாரம் முடிந்து போனபோது, டாக்டர் குளிர்ந்த பஞ்சைக் கீழ்ப்பல்லில் வைத்தார். சட்டென்று குளிர்ந்தது. பஞ்சை எடுத்ததும் சட்டென்று போய்விட்டது.

"நரம்பு நல்லா இருக்கு. ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். உடனே அவர் முகம் பழையபடி மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பழகிடும்னு!"

சொல்லிக்கொண்டே அவளுடைய ஃபைலை இழுத்து எழுதினார். எதிரில் உட்கார்ந்திருந்த அவள் தலைகீழாகவே படித்தாள். 'கேப் பழகிவிட்டது. வலி இல்லை.'

நீலக்கை கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை அடித்தாள். அதன் கீழே, அட்டைகளில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினாள்: 'கேப்பில் மேடு இருந்தது. கேட்காமல் கீழ்ப்பல்லை ராவினார்கள். பிறகு கேப்பை ராவியதும் சரியாயிற்று.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

"என்னம்மா இது? ஃபைல் என்னோடது!"

"ஃபைல் உங்களோடதுதான் டாக்டர். பல்லு என்னோடது."

உதவியாளர் பெண் வந்து ஃபைலை எடுத்து, மை காய்வதற்கு ஒருமுறை ஊதி, மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நீலக்கை படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். நாக்கு வழக்கம்போலத் தானாகப் போய்க் கீழ்ப்பல்லின் அந்தத் தட்டையைத் தடவிப் பார்த்தது. அது அப்படியேதான் இருந்தது.