பவளத்தின் காதும் குமாரசாமியின் வாயும்

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டுகளில் இருக்கிற தமிழ்ப் பெண்களைக் கூப்பிட்டு, உலகத்திலேயே நல்ல புருசன் யார் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் தங்கள் வீட்டு ஆளை விட்டுவிட்டு குமாரசாமியைத்தான் சொல்வார்கள். காது கேளாத பெண்டாட்டியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாராம். எங்கே போனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் குனிந்து அவள் காதில் சொல்கிறாராம். பவளத்துக்கு அந்தப் பெண்கள் பேசுவது சரியாகக் காதில் விழாது. ஆனால் அவர்கள் முகத்தில் வழிகிற இரக்கத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிடும், உடனே எரிச்சல் வரும்.

அவர் காதில் சொல்வது என்ன என்பது அவளுக்குத்தானே தெரியும்? யாரோ ஒருத்தர் பத்து நிமிசம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், சுற்றியிருக்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பவளம் திரும்பி "என்னங்க?" என்பாள். குமாரசாமி குனிந்து, "ஒண்ணுமில்ல, சும்மா ஜோக்கு" என்பார். டாக்டர் கால்மணி நேரம் பேசியது, "ஒண்ணுமில்ல, மாத்திரையைத் தொடரச் சொல்றாரு." மகள் பிரீத்தியின் டீச்சர் பேப்பர் பேப்பராக எடுத்து வைத்துப் பேசியது, "ஒண்ணுமில்ல, நல்லாப் படிக்கறாளாம்." ஒரு குடம் பாலைச் சுண்டக் காய்ச்சி அவளுக்கு ஒரு ஸ்பூன் தருவார். அதற்கே அவருக்கு ஊர் கோயில் கட்டாத குறை.

பவளம் ஒன்றும் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் இல்லை. வேதியியலில் எம்.எஸ்ஸி. மருந்துக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருசமாக வேலை. வலது காதுக்குப் பின்னால் மிஷின். ஒரே ஆள், எதிரே முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் முக்கால்வாசி பிடித்துவிடுவாள். கூட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாக் குரலும் சேர்ந்து சந்தைக்கடை இரைச்சலாகிவிடும். அப்போது குமாரசாமிதான் கதி. அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று ஒன்றும் மிச்சமில்லை. ஒரே ஒரு கூட்டத்தில், ஒருத்தர் பேசுவதை, நடுவில் ஆள் இல்லாமல் தானே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து மேஜையில் வேலை செய்கிற யூனிஸ் நாகர்கோவில்காரி. அவள் புருசன் கிருபைராஜ் டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர். அவர்கள் போகிற வெஸ்ட் வின்ட்சர் சர்ச்சின் பின்பக்கம் ஒரு ஹால் உண்டு. நம் தமிழ்ச் சங்கமும் பொங்கல், தீபாவளி என்று அதைத்தான் வாடகைக்கு எடுக்கும். தொண்ணூற்றேழு அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை யூனிஸ் வந்து, சனிக்கிழமை ஏன் வரமுடியாது என்று சொல்லிவிட்டாய் என்று கேட்டாள். பவளத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசாரித்தால், காது மிஷின் வைத்திருப்பவர்களுக்காக ஹாலில் லூப் போடுகிறார்கள், சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், கிருபைராஜ் வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறார். குமாரசாமி எடுத்து, அதெல்லாம் அவளுக்கு ஒத்து வராது, தலைவலி வரும் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த போன் வந்தபோது பவளம் பக்கத்திலேயே இருந்தாள். யார் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சேல்ஸ் கால்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பவளம் தானே காரை எடுத்துக்கொண்டு போனாள்.

லூப் என்பது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஹாலின் நாலு சுவரையும் ஒட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு ஒயர் ஓடுகிறது. அதன் இரண்டு முனையும் அலமாரிக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபையரில் போய்ச் சேர்கிறது. மைக்கில் பேசுவது ஸ்பீக்கருக்குப் போவதுபோல இந்த ஒயருக்கும் போகும். காது மிஷினில் நகத்தால் தள்ளுகிற ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அதை T என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டால், மிஷின் சுற்றுப்புறச் சத்தத்தை விட்டுவிட்டு ஒயரில் வருகிறதை மட்டும் பிடித்துக் கொடுக்கும். இந்த சுவிட்ச் இத்தனை வருசமாக அவள் காதுக்குப் பின்னால் சும்மா கிடந்திருக்கிறது.

கிருபைராஜ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மைக் முன்னால் நின்று, ஆம்ப்ளிஃபையரோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஈரமான இடத்தில் வைக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள் என்று போகிற அந்த வறட்டு இங்கிலீஷ், வாயைக் காதோடு வைத்துப் பேசுகிற மாதிரி, எழுத்து எழுத்தாக உள்ளே இறங்கியது.  அழுதால் வேலை நடக்காது என்று பவளம் ஹாலைச் சுற்றி நடந்தாள். இடது சுவர் ஓரம் தரைக்கடியில் இரும்பு இருந்ததால் குரல் மங்கியது, கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் ஒயரை ஒரு முழம் உள்ளே தள்ளி ஒட்டினார். மறுபடி நடந்தாள். இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று அவளைக் கேட்டுக் கேட்டு ஒரு மனுசன் வேலை செய்தது அன்றுதான். போகும்போது, ஆம்ப்ளிஃபையரை எப்படிப் போடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஜனவரியில் சங்கத்துப் பொங்கல் விழா வந்தது. போகிற வழியில் காரில் பவளம் லூப் விஷயத்தைச் சொன்னாள். குமாரசாமி ரோட்டைப் பார்த்தபடியே கையை வீசினார். அவருக்கு அன்று வேறு நினைப்பு. வருசா வருசம் மேடையில் நாலு வார்த்தை பேசுகிறவருக்கு இந்தத் தடவை சங்கம் பொன்னாடை போர்த்தப் போகிறது.

ஹாலில் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஆம்ப்ளிஃபையரின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் சாம்பார் சூடு பண்ணுகிற மின்சார அண்டாவின் பிளக் உட்கார்ந்திருந்தது. சுவரில் காது படம் போட்டு, இதைப் பிடுங்காதீர்கள் என்று இங்கிலீஷில் எழுதி, அம்புக்குறியும் போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். இருநூறு படித்த தமிழர்கள் வந்து போகிற இடத்தில் அதைப் படிக்க ஒரு ஆள் இல்லை. எல்லோரும் டிகிரி வாங்கினவர்கள், சாம்பார் என்று வந்துவிட்டால் எழுத்து தெரியாது. பவளம் அண்டாவின் பிளக்கைப் பிடுங்கினாள். சமையல் பொறுப்பில் இருந்த வசந்தாமணி ஓடிவந்து, பவளத்தை விட்டுவிட்டு, தூரத்தில் நின்ற குமாரசாமியைப் பார்த்து, இவங்களுக்கு என்ன வேணுமாம் என்று சாடையில் கேட்டாள். எப்போதும் அப்படித்தான். அவங்க காபி குடிப்பாங்களா, அவங்களுக்கு ஏசி ஒத்துக்குமா, எல்லாம் அவரிடம்தான். பவளம் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைச் சொருகி, கிருபைராஜ் தந்த தாளில் இருந்தபடி பச்சை விளக்கு மினுங்குகிற அளவுக்குத் திருகிவிட்டு, மூன்றாம் வரிசையில் பிரீத்திக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சுவிட்சைத் தள்ளினாள்.

முதலில் பேசியது சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன். அவர் பேசும்போதெல்லாம் ஜனம் தலையாட்டுவதைப் பார்த்து, என்ன பேரறிவைத் தவற விடுகிறோமோ என்று பவளம் வருசக்கணக்காக ஏங்கியிருக்கிறாள். இன்றைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. பார்க்கிங்கில் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிறுத்தாதீர்கள் என்றார். தமிழ் தொன்மையானது என்றார். ரொம்பத் தொன்மையானது என்றார். போன வருசம் பாயசம் பற்றாமல் போனதற்கு யார் காரணம் என்று தனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று இருபது நிமிசம் சொன்னார். இந்தக் கண்றாவிக்குத்தானா இத்தனை ஏக்கம்? "ஒண்ணுமில்ல" என்று புருசன் சொன்னது பொய்யே இல்லை, கறாரான உண்மை என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்புக்கூட வந்தது. பாவம், இத்தனை வருசம் மனுசனை அநியாயமாகத் திட்டிவிட்டோம் என்று ஒரு அரைமணி நேரம் நிஜமாகவே மனம் இளகியிருந்தாள்.

பிறகு பொன்னாடை. ஜரிகைத் துண்டைப் போர்த்திக்கொண்டு குமாரசாமி மைக்கைப் பிடித்தார். குரலில் ஒரு நடுக்கம் வந்தது. வீட்டில் அவள் கேட்டறியாத நடுக்கம்.

"எல்லாரும் என்னைப் பாராட்டறீங்க. நான் பெருசா ஒண்ணும் செய்யல. பொண்ணு பாக்கப் போனப்பவே சொல்லிட்டாங்க, பிறவியிலேயே காது கேக்காதுன்னு. எங்கம்மா வேண்டவே வேண்டாம்னாங்க. நான்தான் சொன்னேன், கட்டுனா இந்தப் பொண்ணைத்தான்னு. கடவுள் அவ காதை எடுத்துக்கிட்டாரு, அதுக்குப் பதிலா என் வாயைக் குடுத்தாரு."

ஹால் கைதட்டியது. வசந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.  வாக்கியத்தைப் பார், புதுசாகச் செய்தது மாதிரியே இல்லை, பல வருசம் தீட்டித் தீட்டிப் பளபளவென்று இருக்கிறது. பவளம் சுவிட்சைப் பழையபடி தள்ளிவிட்டு பிரீத்தியின் தோளைத் திருப்பினாள். பதிமூன்று வயசுப் பெண், இங்கேயே பிறந்தவள். அப்பா இதை முன்னாலும் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டாள்.

பிரீத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்து, வாய் தெளிவாகத் தெரிகிற மாதிரி சொன்னாள். "எவ்ரி இயர், மாம். யூ ஆல்வேஸ் கிளாப்."

கைதட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வருசமும், எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் பல்லைக் காட்டிக்கொண்டு தட்டியிருக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்பாள், ஒண்ணுமில்ல, நன்றி சொன்னேன் என்பார். தன்னைப் பிறவிச் செவிடி என்று சொன்னதற்குத் தானே கைதட்டியவள் இந்த உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா?  அதைவிடக் கேவலம், பெற்ற பெண்ணும் அதைத்தான் நம்பி வளர்ந்திருக்கிறாள்.

கோபிச்செட்டிபாளையத்தில் எண்பதாம் வருசம் தாலி கட்டிக்கொண்டபோது, அடுத்த அறையில் பல்லி கத்தினால் பவளத்துக்குக் கேட்கும். இரண்டு வருசம் கழித்து சிறுநீரில் கிருமி என்று காய்ச்சல் வந்தது. ஈரோட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். குமாரசாமியின் மாமா வெங்கடாசலம் கம்பவுண்டர், அவர் இருக்கும்போது எதற்கு என்றார்கள். மாமா இருபத்தோரு நாள், நாளைக்கு மூன்று வேளை, ஜென்டாமைசின் ஊசியாகப் போட்டார். காய்ச்சலோடு காதும் போயிற்று. அந்த மருந்து காதை என்ன செய்யும் என்பதைப் பவளம் பிற்பாடு தன் பரிசோதனைக் கூடத்துப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டாள். குமாரசாமியிடம் சொன்னபோது, முடிஞ்சதைப் பேசி என்ன ஆகப்போகுது என்றார். அவளும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள். விட்டதற்குக் கிடைத்த பலன் இது.

சுவிட்சை மறுபடி T-க்குத் தள்ளிவிட்டு எழுந்து முன்னால் நடந்தாள். போட்டோவுக்காக ஜரிகைத் துண்டோடு நின்றுகொண்டிருந்தவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அம்மாள் உணர்ச்சிவசப்பட்டு வருகிறார்கள் என்று கஸ்தூரிரங்கன் வாயெல்லாம் பல்லாக ஒதுங்கி வழிவிட்டார். மைக் இருவருக்கும் நடுவில் நின்றது.

"என்னங்க பேசுனீங்க?" என்று கேட்டாள்.

காலம் காலமாகப் பழகின முதுகு தானாகக் குனிந்தது. மைக் இருப்பதை அவர் நினைக்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல பவளம். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து சொன்னேன்."

இரண்டு ஸ்பீக்கரிலும் அது கணீரென்று வந்தது. இரண்டு நிமிசத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்த இருநூறு பேரும் கேட்டார்கள். முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்கக்கூட வசந்தாமணிக்குத் தோன்றவில்லை. சபையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் குமாரசாமி மைக்கைப் பார்த்தார். துண்டு ஒரு தோளிலிருந்து நழுவியது.

பவளம் மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். பதினாறு வருசம் கழித்துத் தன் குரலைத் தானே சுத்தமாகக் கேட்டாள். அவள் நினைத்திருந்ததைவிட நிதானமான குரல்.

"எனக்குக் கல்யாணத்தப்போ காது நல்லா இருந்துச்சுங்க. எண்பத்திரெண்டுல இவங்க மாமா போட்ட ஊசியில போச்சு. எட்டாவது நாளே காது இரையுது, ஊசியை நிறுத்தச் சொல்லுங்கன்னு இவங்ககிட்ட சொன்னேன். ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்னாங்க. அதுக்கப்புறம் பதிமூணு நாள் தினமும் சொன்னேன்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள். "அப்ப இவங்களுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு."

யாரும் கைதட்டவில்லை.