அக்கா வேனைவிட ஒரு முழம்

இசக்கிச்செல்வியின் வயிற்றெரிச்சல் ஒரு சின்னச் சொல்லில்தான் மூண்டது, கண்ணுகளா.

கோவில்பட்டியில் அவள் புருஷன் காளீஸ்வரனுக்கும் அவன் அண்ணனுக்கும் அடுத்தடுத்த வீடு. தீப்பெட்டி ஆபீஸ் இருவருக்கும் பொது. தொண்ணூற்றெட்டு சித்திரையில் அண்ணன் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அது மட்டும் பொது இல்லை. இசக்கியின் ஒரே மகள் சத்யபிரியா, பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அதில் ஏறிக்கொள்வாள். டேப்பில் பாட்டு, சன்னலில் சிவப்புத் திரை, இசக்கி அக்கா என்று கூப்பிடும் பெரியம்மா வெயிலுகந்தம்மாள் கையால் முறுக்கு. எந்த ஊருக்குப் போனாலும் இசக்கிக்குக் கடைசி சீட்டு, டயருக்கு மேலே.

ஒருநாள் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் சத்யபிரியா சொன்னது காதில் விழுந்தது: "எங்க வேன்ல எங்க பெரியம்மா மடியிலதான் நான் உக்காருவேன். எங்க அம்மா பின்னால கெடப்பா."

இசக்கிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேன் அவர்களோடு இருக்கட்டும். பெற்ற பிள்ளையும் அல்லவா அந்தப் பக்கம் நகர்கிறது!

"ஏங்க, நாமளும் ஊரு சுத்த ஒரு வண்டி வாங்குவோம்."

"வாங்குவோம். ஜீப்பு வாங்குவோம்," என்றான் காளீஸ்வரன். "கரிசக்காட்டுல மழை பேஞ்சா அது ஒண்ணுதான் போவும்."

"ஜீப்பா? நாம என்ன போலீசா?"

சின்ன வேன் ஒன்றைப் போய்ப் பார்த்தார்கள். சந்துக்குள்ளும் திரும்பும் என்றார் விற்பவர். "அக்கா வேன் பக்கத்துல நிறுத்துனா கன்னுக்குட்டி மாதிரில்லா நிக்கும்," என்று இசக்கி இறங்கிவிட்டாள்.

கடைசியில் கயத்தாற்றில் வேனுக்குப் பாடி கட்டும் நந்தகோபாலிடம் வந்து நின்றார்கள். அவர் முறையாகத்தான் கேட்டார். "எத்தன பேரு போவீய? தார் ரோட்டுலயா, காட்டுப் பாதையிலயா? அதச் சொன்னாத்தான எது தோதுன்னு பாக்க முடியும்?"

இசக்கி கைப்பையிலிருந்து ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை உருவினாள். ஆளில்லாத நேரம் பார்த்து அக்கா வேனை அளந்த கயிறு. "இதவிட ஒரு முழம் கூட வேணும்."

நந்தகோபால் காளீஸ்வரனைப் பார்த்தார். "அண்ணாச்சி, வண்டிக்கு வந்தியளா, சேலைக்கு வந்தியளா?"

ஒரு முழம் கூட்டியே கட்டிக் கொடுத்தார். கீழே இரண்டு படுக்கை, மேலே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பின் சக்கரத்தைத் தாண்டி வால் நீண்டிருந்தது.

தீபாவளி கழித்து இரண்டு குடும்பமும் குற்றாலம் போவதாக ஏற்பாடு. புது வண்டி முதலில் குலசாமியைக் கும்பிட வேண்டும். பிறகுதான் மற்ற ஊர். ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் அய்யனார். சத்யபிரியா அன்றைக்கும் பெரியம்மா வேனில்தான் வந்தாள். இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முந்தின நாள் மழை. காளீஸ்வரன் தார் ரோட்டிலேயே நிறுத்தினான். "பூசாரி இங்கனயே வந்து டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சிருவாரு."

"அக்கா வேன் சாமி மொகத்துக்கு நேரா நின்னுச்சில்லா?"

"அது சித்திரைட்டீ. மண்ணு காஞ்சு கெடந்துச்சு."

"அப்போ நம்ம வண்டி மட்டும் நடுரோட்டுல நிக்கணும்?"

அவன் வண்டியைக் காட்டுக்குள் திருப்பினான். பிசைந்த மாவு மாதிரி மண் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டது. எப்படியோ அய்யனார் முன்னால் வரைக்கும் போனது. அங்கே அச்சு வரை இறங்கி, வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் காட்டு டிராக்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு காயட்டும். இப்ப நான் வந்தா ரெண்டும் சேந்துதான் நிக்கும்," என்று போய்விட்டார்.

வெயிலுகந்தம்மாள் தன் வேனை ரோட்டிலேயே விட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். பின்னாலேயே புருஷனும் பிள்ளைகளும். காலுக்கொரு செங்கல் கனத்துக்குச் சேறு.

"ஏட்டி இசக்கி, நல்ல வேன்தான். சாமிக்கே நேந்து விட்டுட்டியோ?"

இசக்கிக்கு அழுகை முட்டியது. பெரியம்மாவுக்கு முன்னால் ஓடி வந்த சத்யபிரியா வண்டிக்குள் ஏறிவிட்டிருந்தாள்.

"சத்யா, எறங்கு. நாம குத்தாலம் போவோம்," என்றாள் பெரியம்மா.

இசக்கி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

மேல் படுக்கையின் திரையை விலக்கிச் சத்யபிரியா தலையை மட்டும் நீட்டினாள். "நான் வரல. இங்கன படுத்துக்கிடுதேன்."

"ஏ பிள்ள, இது ஓடாதுட்டீ!"

"ஓட வேண்டாம் பெரியம்மா."

பெரியம்மாவின் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக உள்ளே ஏறின. இசக்கி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். வெளியே சேற்றில் நின்ற வெயிலுகந்தம்மாளின் கண் படுக்கைக்குப் போனது, தொட்டிக்குப் போனது, நீல நெருப்பில் நின்றது. புளியங்காயைக் கடித்த முகம். அந்த முகத்துக்காகத்தானே இசக்கி இத்தனை மாதம் காத்திருந்தாள்!

"அக்கா, ஏறுங்க. காப்பி குடிக்கலாம்."

"காலெல்லாம் சேறுட்டீ."

"கெடக்கட்டும். ஏறுங்க."

பாசத்தில் கூப்பிட்டாளா, மெத்தையில் உட்காரவைத்துக் காட்டக் கூப்பிட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெயிலுகந்தம்மாள் உட்கார்ந்தாள். மெத்தையை உள்ளங்கையால் அமுக்கினாள். இன்னொரு தரம் அமுக்கினாள்.

"இலவம்பஞ்சா?"

"ஆமக்கா."

சன்னல் வழியாகப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் ஒரு குச்சியால் செருப்புச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம வேன்ல மேல இப்படி ரெண்டு பலகை போட முடியுமா?"

"போட்டா எல்லாரும் தவந்துதான் போவணும்."

அவள் காப்பியை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள்.

"அப்போ அத வித்திருங்க," என்றாள்.